ஒற்றைக் கைக்கு ஒரு கியர்

அத்தியாயம் ஆறு

தேவாசீர்வாதம் மதிப்பு வைத்துப் பேசிய மனிதர்கள் இந்த உலகத்தில் மொத்தம் நாலு பேர். அதில் மூன்று பேர் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள். நாலாவது ஆள் அவரேதான்.

பதினோரு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். மேனேஜரின் மகனுக்குப் பாஸ் மார்க் போட மறுத்து வெளியே வந்து, மதுரையில் ஒரு மாடியறையைப் பிடித்து, வாசலில் ‘துப்பறிவாளர்’ என்று பலகை மாட்டி ஆறு வருஷம் ஆகிவிட்டது. தொழில்தான் மாறியது, குணம் மாறவில்லை. முன்பு பையன்களின் விடைத்தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இப்போது பெரியவர்களின் பொய்களைப் பார்த்துப் பிதுக்குகிறார். பையன்களே தேவலை என்பது அவர் கண்ட முடிவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், விருதுநகரில் ஒரு நர்ஸ் குவார்ட்டர்ஸின் பின்கட்டில், தரையில் பரப்பியிருந்த பழைய இரும்புச் சாமான்களை அவர் அதே உதட்டோடுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது மொதல்ல செஞ்சது சார்” என்றாள் அவரை வரவழைத்திருந்த நர்ஸ் ஞானதீபம்.

அவள் எடுத்துக் காட்டியது ஒரு கொட்டாங்கச்சி. நடுவில் ஓட்டை போட்டு ஒரு திருகாணி முடுக்கியிருந்தது.

“கியர் குமிழைக் கழத்திட்டு இதை மாட்டுனாக. கச்சிக்குள்ள மணிக்கட்டை வச்சுத் தள்ளுறது. சாத்தூர் போறதுக்குள்ள பொளந்துபோச்சு. அதுக்கப்புறம் இது.”

அது ஒரு கதவுத் தாழ்ப்பாள்.

தேவாசீர்வாதத்தின் உதவியாளன் உக்கிரபாண்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பெயரில் இருந்த உக்கிரம் உடம்பில் இல்லாத ஆள். பலமாகத் தும்மினால் விலா எலும்பு எண்ணிக்கை குறைந்துவிடும். முன்னால் பஸ் டிரைவராக இருந்தவன். பயணிகளோடு தர்க்கம் செய்வதற்காக நடுரோட்டில் பஸ்ஸை நிறுத்தும் வழக்கத்தால் வேலை போயிற்று.

“ஏக்கா, இந்தக் கார்ல கியர் போட்டா வீட்டுக் கதவு தெறக்குமோ?” என்றான்.

ஞானதீபம் சிரிக்கவில்லை. இரண்டு ராத்திரி தூங்காத கண்கள். நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை.

அவளுடைய கணவன் சுந்தர்ராஜ், அச்சங்குளத்தைத் தாண்டி இருக்கிற வான்கோழி மார்க் பட்டாசு கம்பெனியில் மருந்துக் கலவை நிபுணன். மயில் போடச் சொன்ன லேபிளில் அச்சாபீஸ்காரன் வரைந்த பறவையைப் பார்த்து ஊரே வைத்த பெயர் அது. கடைசியில் கம்பெனியும் அதையே ஒத்துக்கொண்டது. நாலு வருஷத்துக்கு முன் ஒரு கலவை கையிலேயே வெடித்து, சுந்தர்ராஜின் இடது கை மணிக்கட்டோடு போயிற்று. அதன் பிறகு, ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்கார டாக்டர் விட்டுச்சென்ற பழைய ஆஸ்டின் கார் அவனிடம் வந்தது. ஸ்டியரிங் வலது பக்கம், கியர் கம்பி இடது கைப் பக்கம் தரையிலிருந்து எழுந்து நிற்கும். இடது கை இல்லாதவன் ஓட்டவே முடியாத வண்டி. ஓட்டியே தீருவது என்று சுந்தர்ராஜ் வீட்டிலேயே உட்கார்ந்து ஆறு மாசம் ராவினான், வளைத்தான், துளை போட்டான். ஓட்டவும் செய்தான்.

போன வெள்ளிக்கிழமை நண்பகலில் அந்தக் கார் பின்னால் வந்து, கம்பெனி போர்மேன் ராக்கப்பனை லோடு குடோன் சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. மேனேஜர் சீனிவாசகம் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். தன் கை போனதற்கு ராக்கப்பனின் கவனக்குறைவுதான் காரணம் என்று சுந்தர்ராஜ் உள்ளுக்குள் வஞ்சம் வைத்திருந்ததாகவும் அவரே சொன்னார். கொலை வழக்கு. அந்த நேரத்தில் கலவை அறையில் தனியாக இருந்ததாகச் சுந்தர்ராஜ் சொன்னதற்குச் சாட்சி இல்லை. ஆள் லாக்கப்பில்.

“இப்ப கார்ல இருக்கிறது மூணாவது சார்” என்றாள் ஞானதீபம். “சைக்கிள் ஹேண்டில்பார் குழாயை அறுத்து, கியர் கம்பிக்கு மேல சட்டை மாதிரி மாட்டிட்டாக. குழாய் உச்சியில வண்டிச் சக்கரத்துக் குடத்துச் சின்ன இரும்புப் பூண் ஒண்ணைப் பத்தவச்சு, உராயாம இருக்க டியூப் ரப்பர் சுத்தியிருக்கு. அந்த வளையத்துக்குள்ள மணிக்கட்டை விட்டுட்டா, முன்ன பின்ன தள்ளிக்கிடலாம்.”

“கார் செய்த வெள்ளைக்காரன் இதைப் பார்த்தால் தூக்குப் போட்டுக்கொள்வான்” என்றார் தேவாசீர்வாதம்.

“எங்க வீட்டுக்காரரைத்தான் சார் தூக்குல போடப் பாக்காக.”

தேவாசீர்வாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.  

“குழாய் ஆடாமல் எப்படி நிற்கிறது?” என்றார், குரலைக் கொஞ்சம் இறக்கி.

“குழாயிலயும் கம்பியிலயும் சேத்துத் துளை போட்டு ஒரு போல்ட். அதை முடுக்க ரெண்டு ஸ்பானர் வேணும் சார். ஒண்ணு இந்தப் பக்கம் பிடிச்சுக்கிடணும், இன்னொண்ணு அந்தப் பக்கம் திருகணும். அவுகளால ஆகாது. நாந்தான் முடுக்குவேன். மொதல் தடவை நட்டை டிரைவர் சீட்டுப் பக்கமா வச்சுட்டேன். அவுக வேட்டி ரெண்டு கிளிஞ்சுபோச்சு. அதுலருந்து நட்டு எப்பவும் அந்தாண்டை பக்கந்தான்.”

“கடைசியாக எப்போது முடுக்கினாய்?”

“ஈஸ்டருக்கு முந்தி. அதுக்கப்புறம் யாரும் தொடல.”

“வெள்ளிக்கிழமை நண்பகலில் நீ எங்கே இருந்தாய்?”

“ஆஸ்பத்திரியில சார். ஆபரேஷன் ரூம்ல. டாக்டர் சொல்லுவாக.”

“உன் புருஷன் காரைப் பின்னால் எடுத்து நீ பார்த்திருக்கிறாயா?”

அவள் யோசித்தாள். “இல்ல சார். ஏன்னு கேட்டா, நமக்கு முன்னால போனாப் போதும் தீபம்பாக. எங்கன நிறுத்துனாலும் சுத்தி வந்து, மூஞ்சி வாசலைப் பாக்கத்தான் நிறுத்துவாக.”

“ஒற்றைக் கையனுக்கு ரிவர்ஸ் வராது. பயம்” என்றார் தேவாசீர்வாதம், எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு. அதற்கு மேல் அதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை.

---

பஸ்ஸில் சாத்தூர். அங்கிருந்து கம்பெனிக்குக் காகிதச் சுருள் ஏற்றிப்போன லாரியில் முன்சீட்டு. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஆங்காங்கே வெள்ளையடித்த பட்டாசு அறைகள், ஒன்றையொன்று தொடாமல், சண்டை போட்டுப் பிரிந்த பங்காளி வீடுகள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றன.

“சார், போலீஸ்காரன் ஒருத்தன், மேனேஜரு ஒருத்தன், நீங்க ஒருத்தர்” என்றான் உக்கிரபாண்டி. “மூணு பேருமே அந்த வளையம்னதும் மூஞ்சியச் சுளிச்சாச்சு. நான் ஒருத்தன்தான் பாக்கி. நான் ஓட்டிப் பாத்துட்டுச் சுளிக்கிறேன்.”

“நீ ஓட்டினால் வழியில் யாரிடமாவது தர்க்கம் செய்ய இறங்கிவிடுவாய்.”

“தர்க்கம் இல்லாம டிரைவிங்கா சார்?”

தீபாவளி சீசன் என்பதால் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனியில் வேலை நடந்தது. லோடு குடோனுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் போலீஸ் ஜீப் நின்றது. இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி, சுந்தர்ராஜை அழைத்துவந்து இடத்தை அடையாளம் காட்டச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தார். கைதி ஜீப்பின் பின்புறம் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயது, ஒட்டிய கன்னம். இருந்த ஒரு கையை விலங்கு போட்டு ஜீப் கம்பியோடு பூட்டியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, நிழல் இல்லாத இடத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். செத்துப்போன ராக்கப்பனின் மனைவி பஞ்சம்மாள். சுந்தர்ராஜுக்கு வஞ்சம் இருந்தது என்று எழுதிய காகிதத்தில் கைநாட்டு வைக்க அவளைக் காலையிலிருந்து உட்கார வைத்திருந்தார்கள்.

“ஏ பொம்பளே, அங்கிட்டுப் போய் உக்காரு. ஆளுக நடக்க வேண்டாமா?” என்று ஒரு கான்ஸ்டபிள் அதட்டினான். அவள் நகர்ந்தாள்.

மேனேஜர் சீனிவாசகம் வெள்ளை வெளேரென்று வந்தார். சட்டை, வேட்டி, பல் எல்லாமே வெள்ளை.

“மதுரையிலருந்து டிடெக்டிவா?” என்றார். “இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு? ஒத்தக் கையன் கார் ஓட்டினான், ஒருத்தன் செத்தான். இதை ரெண்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான்.”

“ரெண்டாங்கிளாஸ் பையனிடம் பிறகு கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்ன பார்த்தீர்கள்?”

“எத்தனை தடவை சொல்லுறது? வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணி அடிச்சாச்சு. ஆளுக எல்லாம் வேப்பமரத்துப் பக்கம் போயிட்டாக. ராக்கப்பன் குடோன் செவரோரம் பெட்டி எண்ணிக்கிட்டிருந்தான். காரு அவனுக்கு முன்னால முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கி. நான் அந்த ஆபீஸ் ஜன்னல்ல நிக்கேன். இவன் வந்தான், கார்ல ஏறினான், திரும்பிப் பாத்தான். அந்த வளையத்துக்குள்ள மொண்டிக் கையை விட்டான். ஒரே இழுப்பு, ரிவர்ஸ்! நான் கத்துறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு.”

“வளையத்துக்குள் கையை விட்டு இழுத்ததை நன்றாகப் பார்த்தீர்களா?”

“இந்தக் கண்ணால பாத்தேன்.”

“அந்தக் காரை நீங்கள் எப்போதாவது ஓட்டியதுண்டா?”

சீனிவாசகம் சிரித்த சிரிப்பில் அந்தக் காருக்கும், காரின் சொந்தக்காரனுக்கும், கேள்வி கேட்டவருக்கும் சேர்த்தே ஏளனம் இருந்தது.

“அங்கன நிக்கே, அது கம்பெனி அம்பாசடர். அதை நானே ஓட்டுவேன். இந்தத் தகர டப்பாவை நான் தொட்டதுகூடக் கிடையாது. இதுக்குப் பக்கத்துல போனா வேட்டி அளுக்காகும்.”

தேவாசீர்வாதம் தலையாட்டினார். இந்த மனிதரின் மேல் அவருக்கு உண்டான வெறுப்பு புத்தம் புதிதாக, ஆரோக்கியமாக இருந்தது. ஆனால் வெறுப்பு சாட்சியாகாது.

---

ஆஸ்டின் கார், சுவரிலிருந்து பத்தடி தள்ளி நின்றது. பிணத்தை எடுப்பதற்காக வெள்ளிக்கிழமையே ஆட்கள் முன்னால் தள்ளியிருந்தார்கள். பின்பக்கம் நசுங்கியிருந்தது. சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து, அதன் மேல் யாரோ மண்ணை அப்பியிருந்தார்கள்.

தேவாசீர்வாதம் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். மூன்றாவது வளையம் அங்கே இருந்தது. ரப்பர் சுற்றிய பூண், அதற்குக் கீழே துருவும் பெயிண்டுமாகச் சைக்கிள் குழாய். குழாயின் நடுவில் போல்ட். அதன் நட்டு, டிரைவர் சீட்டைப் பார்த்துத் துருத்திக்கொண்டிருந்தது.

அவர் குனிந்த நிலையிலேயே நட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“உக்கிரம், ஏறி உட்கார். உன் வேட்டி எங்கே படுகிறது பார்.”

உக்கிரபாண்டி ஏறினான். கிளச்சை மிதித்து, கியர் கம்பியை அசைத்தான். சரக்கென்று ஒரு சத்தம்.

“போச்சு சார், நாலு முழம்! எந்தப் படுபாவி நட்டை இங்கன வச்சான்?”

“ஞானதீபம் வைக்கவில்லை. அவள் ஈஸ்டருக்கு முன் அந்தப் பக்கமாக வைத்தாள். யாரோ இதைக் கழற்றி, அவசரத்தில் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். சுந்தர்ராஜால் தனியாக முடியாது. இரண்டு ஸ்பானர், இரண்டு கை வேண்டும். யாரும் எதற்காக இதைக் கழற்ற வேண்டும்?”

 உக்கிரபாண்டியின் முகத்தில் விளையாட்டுப் போய், பஸ் டிரைவர் வந்திருந்தான். கம்பியை முன்னால் தள்ளினான், பின்னால் இழுத்தான். மறுபடி தள்ளினான்.

“சார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, எல்லாம் வெண்ணெய் மாதிரி விளுது. ரிவர்ஸ் மட்டும் வரல. இந்தச் சாதிக் கார்ல ரிவர்ஸ் போடணும்னா கம்பியைக் கீழ அமுக்கி, அமுக்குன வாக்குல ஓரமா இழுக்கணும். இது அமுங்கவே மாட்டேங்குது.”

தேவாசீர்வாதம், அறுபது ரூபாய்க் கண்ணாடி கீழே விழுந்தாலும் பரவாயில்லை என்று தரையோடு தரையாகத் தலையைக் கொண்டுபோய்ப் பார்த்தார். சைக்கிள் குழாயின் அடிப்பக்கம், கியர் பெட்டியின் மூடி மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு நூல்கூட நுழையாது. குழாய் மூடியில் முட்டிக்கொண்டு நிற்கிறவரைக்கும் கம்பி கீழே இறங்காது. கம்பி இறங்காதவரைக்கும் கார் பின்னால் போகாது.

அது கைத்தவறு அல்ல. மூடியின் வளைவுக்குத் தக்கபடி குழாயின் அடியைச் சுந்தர்ராஜ் அரத்தால் ராவிப் பதித்திருந்தான். மணிக்கட்டின் பாரத்தில் கம்பி தானாக அமுங்கி ரிவர்ஸில் விழுந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே செய்த வேலை. காலையில் அந்தக் கொட்டாங்கச்சியைப் பார்த்துவிட்டு, இந்த மனிதனைக் கோமாளி வரிசையில் உட்கார்த்தி வைத்தது நினைவுக்கு வர, தேவாசீர்வாதத்துக்குக் காது சுட்டது.

அவர் எழுந்தார். உக்கிரபாண்டியின் காதருகே குனிந்தார்.

“இப்போது நான் ஒரு காரியம் சொல்வேன். நீ ரிவர்ஸ் எடுக்கப் பார்ப்பாய். வராது. மறுபடி பார்ப்பாய். இயல்பாக இரு. வேண்டுமானால் கொஞ்சம் கூடுதலாக முட்டாளாக இரு.”

“கூடுதலா வேணும்னா உங்ககிட்டத்தான் சார் கடன் வாங்கணும்.”

தேவாசீர்வாதம் இன்ஸ்பெக்டரிடம் போனார்.

“ஒரே ஒரு காரியம் பாக்கி, ரத்தினசாமி. கார் சுவரில் முட்டி நின்ற இடத்துக்கு அதை மறுபடி கொண்டுபோய் நிறுத்துவோம். ஆபீஸ் ஜன்னலிலிருந்து டிரைவர் சீட் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் மேனேஜர் சொல்வது உண்மை. நான் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.”

அடுத்த பஸ் என்ற சொல் இன்ஸ்பெக்டருக்குப் பிடித்திருந்தது. “செய்யுங்க, செய்யுங்க” என்றார். சீனிவாசகமும் கையைக் கட்டிக்கொண்டு, காரிலிருந்து எட்டடி தள்ளி நின்றார். குடோன் ஆட்கள், காகிதம் உருட்டுகிற பெண்கள் என்று ஒரு முப்பது பேர் கூடிவிட்டார்கள்.

உக்கிரபாண்டி ஸ்டார்ட் செய்தான். வளையத்துக்குள் முழங்கைவரை விட்டு, ‘முருகா’ என்று ஒரு இழுப்பு இழுத்தான். கார் ஒரு அடி முன்னால் குதித்து அணைந்தது.

கூட்டம் சிரித்தது.

“பின்னால! பின்னாலய்யா!” என்றார் இன்ஸ்பெக்டர்.

மறுபடி ஸ்டார்ட். கியர் பெட்டிக்குள் பல்லோடு பல் அரைபடும் சத்தம். பெண்கள் காதைப் பொத்தினார்கள். கார் உறுமிக்கொண்டே இன்னும் இரண்டடி முன்னால் போனது.

“பஸ் ஓட்டுனவனாம்” என்று சீனிவாசகம் பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகச் சொன்னார். “எந்த ஊர் பஸ்ஸோ!”

“சார், வண்டிக்கு ரோசம் சார், புறமுதுகு காட்ட மாட்டேங்குது!” என்று உள்ளேயிருந்து கத்தினான் உக்கிரபாண்டி. மூன்றாவது தடவை எழுந்த சத்தத்துக்கு, கியர் பெட்டியே கழன்று தரையில் விழுந்திருக்க வேண்டும்.

சீனிவாசகத்தின் பொறுமை போய்விட்டது. திறமையில்லாதவர்களைக் கண்டால் அவருக்கு உடம்பே எரியும். ஒரு வேலையை ஒருவன் தப்பும் தவறுமாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க, முப்பது பேருக்கு மேனேஜராக இருந்த அவரால் முடியவில்லை.

“ஏலே, கூறுகெட்டவனே!” என்று கத்தினார். “குழாய் அடியில முட்டிக்கிட்டு நிக்கில்லலே! போல்ட்டைக் கழத்திக் குழாயை மேல ஏத்திட்டுல்ல ரிவர்ஸ் போடணும்! டேஷ்போர்டுக்குள்ள ரெண்டு ஸ்பானரும் கெடக்கு, எடுலே!”

உக்கிரபாண்டி இன்ஜினை அணைத்தான்.

டேஷ்போர்டைத் திறந்தான். உள்ளே கையை விட்டு, இரண்டு ஸ்பானரை எடுத்து, ஜன்னல் வழியாக இரண்டு கையிலும் பிடித்துக் காட்டினான். அவனிடம் அப்போது நகைச்சுவை எதுவும் இல்லை.

“நீங்கள் நிற்கிற இடத்திலிருந்து குழாயின் அடி தெரிகிறதா மிஸ்டர் சீனிவாசகம்?” என்று கேட்டார் தேவாசீர்வாதம். குரலை உயர்த்தவே இல்லை. “எனக்கு, தலையைத் தரையில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.”

“அது… எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.”

“எல்லாருக்குமா?” தேவாசீர்வாதம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “இந்தக் கார் பின்னால் போகாது என்று உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்று நாலைந்து குரல்கள்.

“ஏன் போகாது?”

“அவுகளுக்கு ஒத்தக் கை, அதான் வராது” என்றாள் ஒரு பெண். குடோன் ஆட்களும் அதையே சொன்னார்கள். குழாய், போல்ட், ஸ்பானர் என்று ஒருவரும் சொல்லவில்லை.

“தொட்டதே இல்லை என்று சொன்ன காரில், போல்ட்டைக் கழற்றினால் ரிவர்ஸ் விழும் என்பதும், ஸ்பானர் எங்கே கிடக்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னொன்று. வளையத்துக்குள் கையை விட்டு ஒரே இழுப்பில் சுந்தர்ராஜ் ரிவர்ஸ் போட்டதைக் கண்ணால் பார்த்தேன் என்றீர்கள். அப்படிப் போட முடியாது என்று இப்போது நீங்களே முப்பது பேர் முன்னால் சொன்னீர்கள். இரண்டில் எதை இன்ஸ்பெக்டர் எழுதிக்கொள்ளட்டும்?”

சீனிவாசகத்தின் வெள்ளைச் சட்டையில் அக்குள் இரண்டும் நனைந்திருந்தது.

“சாப்பாட்டு மணி அடிக்கும் முன்பே நீங்கள் காரைத் தயார் செய்துவிட்டீர்கள். அதன் பிறகுதான் ராக்கப்பனைப் பெட்டி எண்ணச் சொல்லி அனுப்பினீர்கள். காரை நீங்களே பின்னால் எடுத்துவிட்டு, ஆட்கள் வருவதற்குள் அவசரமாகக் குழாயை இறக்கி முடுக்கினீர்கள்; நட்டு பக்கம் மாறிவிட்டது. கார் ஸ்டார்ட் ஆன சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். அவர் ஏன் நகரவில்லை?” தேவாசீர்வாதம் நிறுத்தினார். “அந்தக் கார் பின்னால் வராது என்று அவருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.”

கூட்டத்தில் யாரோ ‘அடப்பாவி’ என்றார்கள்.

இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். அவருக்கு வேர்த்த வேர்வைக்குக் காரணம் வெயில் மட்டும் அல்ல.

“சுந்தர்ராஜு சொல்லத்தான் செஞ்சான்” என்றார் மெதுவாக. “அமுங்காது கிமுங்காதுன்னு என்னமோ… நான்தான் எழுதல.”

“மூணு தடவை சொன்னேன் சார்” என்றது ஜீப்பிலிருந்து ஒரு குரல். சுந்தர்ராஜ் விலங்குக் கையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். “மொதத் தடவை சிரிச்சீக. ரெண்டாந்தடவை ஏட்டையாவைக் கூப்பிட்டு அவரையும் சிரிக்க வச்சீக. மூணாந்தடவை அறைஞ்சீக.”

தேவாசீர்வாதம் அவனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். தன்னிடம் அவன் சொல்லியிருந்தாலும் முதல் தடவை என்ன நடந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு கான்ஸ்டபிள்கள் சீனிவாசகத்தின் இரு பக்கமும் வந்து நின்றார்கள். அவர் கைகளை உதறினார். பழைய ஏளனம் முகத்துக்குத் திரும்பிவந்தது.

“ஒரு போர்மேனைக் கொன்னு எனக்கு என்னய்யா ஆகணும்? காரணம் இருக்கா? கோர்ட்டுல கேப்பான். என்ன சொல்லுவீக?”

 காரணம் தேவாசீர்வாதத்துக்கு உண்மையிலேயே தெரியாது. இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார், அவர் உக்கிரபாண்டியைப் பார்த்தார்.

“நா சொல்லுதேன்.”

பஞ்சம்மாள் எழுந்து நின்றிருந்தாள். காலையிலிருந்து அங்கே ஒரு ஆள் இருப்பதையே எல்லாரும் மறந்துவிட்டிருந்தார்கள். கைநாட்டுக்குத் தடவிய மசி அவள் பெருவிரலில் காய்ந்திருந்தது.

“ஆனி மாசம் மருந்து ரூம்பு வெடிச்சுதுல்ல? ரெண்டு பொம்பளைக செத்தாகல்ல? அவுக பீடி குடிச்சதால வெடிச்சதுன்னு இவரு எழுதிக் குடுத்தாரு. பொய். சீசன் ஆர்டரு அவசரம்னு, கலவை போடுற ரூம்புக்குள்ளயே சரத்தைக் காயப்போடச் சொன்னதே இவருதான். எம் புருசன் கூடாதுன்னு மறிச்சாக. இவரு தள்ளிவிட்டுட்டாரு. நாளைக்குத் திங்கக்கெளமை வெடிமருந்து ஆபீசரு வாராக. அவருகிட்ட அம்புட்டையும் சொல்லப்போறேன்னு எம் புருசன் இவரு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டு வந்தாக. வியாழக்கெளமை. மறுநா செத்துட்டாக.”

“ஏ, கூலிக்காரி பேச்சை எவன் கேப்பான்?” என்றார் சீனிவாசகம். “போர்மேன் பொண்டாட்டிக்கு என்ன தெரியும்?”

“அவுக எனக்குச் சொல்லாம ஒருநாளும் படுக்க மாட்டாக” என்றாள் பஞ்சம்மாள். “எந்த ரூம்பு, எத்தனை சரம், என்ன கிழமை, எல்லாம் தெரியும். சுந்தர்ராஜு அய்யாவுக்கு எம் புருசன்மேல வஞ்சமாம்! கை போன அன்னிக்கு அவுகளைத் தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனதே எம் புருசந்தான். அந்தக் காயிதத்துல நா கைநாட்டு வைக்கமாட்டேன். வேற காயிதம் எடுங்க.”

 சீனிவாசகம் அவளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி பார்த்தார். ராக்கப்பனைக் கொன்றால் ராக்கப்பனுக்குத் தெரிந்தது எல்லாம் அவனோடு போய்விடும் என்று கணக்குப் போட்டவர். அவனுக்கு ஒரு வீடு உண்டு, அந்த வீட்டில் பேச்சு உண்டு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உக்கிரபாண்டி காரிலிருந்து இறங்கிப் போய் விலங்கின் சாவியைக் கேட்டான். கான்ஸ்டபிள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். விலங்கு கழன்றது. சுந்தர்ராஜ் மணிக்கட்டைத் தொடையில் தேய்த்துக்கொண்டு இறங்கினான்.

இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி ஜீப்பின் பானட்டில் புதுக் காகிதம் ஒன்றை விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்கத் தேவாசீர்வாதம் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மெதுவாச் சொல்லும்மா” என்றார் இன்ஸ்பெக்டர். “வெடிச்சது எந்த ரூம்?”

“அது அப்புறம்” என்றாள் பஞ்சம்மாள். “ரெண்டு கூலிப் பெண்கள் செத்தாகன்னுதான் ஆனி மாசம் நீங்க எழுதுனீக. அதை மொதல்ல மாத்துங்க. ஒருத்தி ராமுத்தாய். இன்னொருத்தி சண்முகத்தாய்.”

இன்ஸ்பெக்டர் அந்த இரண்டு பெயரையும் எழுதினார்.